துண்டு வெட்டாமல் வீட்டுக்குப் போகலாமா?

டெங்குக் காய்ச்சல் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெங்கு பற்றியதே அல்ல. "டொக்டர் வேண்டாம் என்றார், நாங்கள் கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டோம், இனி என்ன செய்வது?" என்ற கதைதான். அதாவது டொக்டர் துண்டு வெட்ட (வீட்டுக்குப் போகலாம் என்று எழுதித் தர) முதலே வந்துவிட்டவர்களின் கதை. அதனால் இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே. சுகருக்கும் முழங்கால் நோவுக்கும் எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

– ஓய்வுபெற்ற வார்ட் சிஸ்டர், திருகோணமலை

கேள்வி: என் கணவருக்கு டெங்கு என்று வார்டில் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பெருநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது, புடைவைக் கடையைப் பார்க்க ஆளில்லை. "காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும்" என்று வார்டுத் தாதிகளான மிஸிமார் எவ்வளவோ சொன்னார்கள். இவர் கேட்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. இப்போது என்னைப் பார்த்து "பார்த்தியா?" என்று சிரிக்கிறார். யார் சொன்னது சரி? – வாசகி, கிண்ணியா

மிஸிமார் சொன்னதுதான் சரி. உங்கள் கணவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான்.

மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் ஆள் தப்பினார் என்று நினைக்கலாம். டெங்குவில் அந்த நேரம்தான் பொல்லாதது. அநேகமாக மூன்றாம் நாளுக்குப் பிறகு, சூடு இறங்கும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும், புதுப் பானை கசிகிற மாதிரி. கசிந்த நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். குழாய்க்குள் இரத்தம் தடிக்கும், பிரஷர் விழும். இது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நடக்கும். யாருக்குக் கசியும், யாருக்குக் கசியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆள் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார், கதைப்பார், கைகள் மட்டும் குளிர்ந்திருக்கும்.

சொந்தக்காரர் எல்லாரும் பிளேட்லெட் எத்தனை என்றுதான் கேட்பார்கள். வார்டில் நாங்கள் அதோடு சேர்த்துக் கண் வைப்பது பி.சி.வி. என்ற எண்ணில். இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அது காட்டும். வழமையான அளவிலிருந்து அது 20 சதவீதம் ஏறினால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் விரலில் குத்திக் குத்தி இரத்தம் எடுப்பதும், சிறுநீரை அளவுச் சாடியில் பிடிக்கச் சொல்வதும். சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நெஞ்சில் நீர் கோத்துவிடும். வீட்டில் இளநீரும் ஜீவனி உப்புக் கரைசலும் கொடுக்கலாம், நல்லதுதான். ஆனால் இந்தக் கணக்கை வீட்டில் பார்க்க முடியாது.

கிண்ணியா ஆட்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? 2017 மார்ச்சில் அங்கே பட்ட பாடு தெரியும்தானே. அந்த ஆண்டு இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இன்னொன்றையும் இவருக்குச் சொல்லுங்கள். டெங்கு வைரஸில் நாலு வகை இருக்கிறது. ஒன்று வந்து போனால் அந்த ஒன்றுக்குத்தான் பாதுகாப்பு. வேறு வகை இரண்டாவது முறை வந்தால் கடுமையாகப் போகக்கூடிய வாய்ப்பு கூட. அப்போது காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று நோவு, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், பல் முரசில் இரத்தம், ஆள் அமைதியில்லாமல் புரளுதல் – இதில் ஒன்று கண்டாலும் கடை, பெருநாள் ஒன்றையும் பார்க்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

கணக்கும் ஒன்று சொல்கிறேன். பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. கசிவுக் காலம் கூடிப்போனால் இரண்டு நாள். "சேர், எனக்குக் கடை, எப்படியாவது பெருநாளுக்கு முன் விடுங்கள்" என்று காலை ரவுண்டில் பார்க்க வரும் பெரிய டொக்டரான வி.பி.யிடம் சொல்லியிருந்தால், இரத்த அறிக்கை நல்லதென்றால் அவரே துண்டு வெட்டி அனுப்பியிருப்பார்.

கேள்வி: அப்பாவுக்கு நீண்டகாலமாகச் சுகர். வலது காலின் சின்ன விரல் கறுத்துப்போய் வார்டில் சேர்த்தோம். விரலை எடுக்க வேண்டும் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார். "முழுசா வந்தனான், முழுசாத்தான் போவன்" என்று அன்று பின்னேரமே கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ஒருவர் எண்ணெய் கட்டுகிறார். இரண்டு நாளாகக் கட்டிலிருந்து கெட்ட மணம் வருகிறது. திரும்பப் போக வெட்கப்படுகிறார். – மகள், ஓர்ஸ் ஹில்

மகள், இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று ஆசிரியரிடம் சொல்லி உங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லச் செய்தேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மணம், கசிவு, கட்டுக்கு மேலே சிவந்து ஏறும் தோல், குளிர் நடுக்கம் – இது கிருமி மேலே ஏறுகிறது என்பதன் அடையாளம். சுகர்காரருக்கு நரம்பு மரத்துப்போயிருப்பதால் நோவு தெரியாது. "நோவில்லைத்தானே" என்பது ஆறுதலே இல்லை. விரலோடு நிற்க வேண்டியது பாதத்துக்கும், பாதத்தோடு நிற்க வேண்டியது முழங்காலுக்குக் கீழேயும் ஏறுவது இப்படித்தான். எண்ணெய் கட்டுகிறவரை நான் குறை சொல்லவில்லை. முறிவு, சுளுக்குக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் இரத்தம் ஓடாமல் கறுத்த விரலுக்கு எந்த எண்ணெயும் இரத்தத்தைக் கொண்டுவராது.

பலருக்கு விளங்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஒப்பரேஷன் வேண்டாம் என்று சொல்வது ஒன்று, வார்டை விட்டுப் போவது வேறொன்று. ஒப்பரேஷனுக்கு அப்பா கையெழுத்து வைக்காவிட்டால் யாரும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வெட்டமாட்டார்கள். அதற்காகக் கட்டிலை விட்டு இறங்க வேண்டியதில்லை. படுத்திருந்து அன்ரிபயோட்டிக் ஊசி போடலாம், சுகரை இன்சுலினால் இறக்கலாம், மருந்து கட்டலாம், "இன்னொரு சேர்ஜனிடமும் காட்டிக் கேட்க வேண்டும்" என்றும் சொல்லலாம். இரண்டு நாள் அப்படி இருந்து, பக்கத்துக் கட்டில்காரரோடு கதைத்து, தானாகவே "சரி, எடுங்கோ" என்று சொன்னவர்கள் என் வார்டில் நிறையப் பேர். பயம் இறங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஆஸ்பத்திரிக்குள் இருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். திரும்பி வந்தவரைப் பார்த்து வார்டில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். முகத்தைச் சுளிக்கிற ஓரிருவர் இருக்கலாம், அது அவர்கள் குணம்.

கேள்வி: கையெழுத்து வைத்துவிட்டு வந்தால் அந்த ஆஸ்பத்திரியில் திரும்ப எடுக்க மாட்டார்களாம், பெயரைத் தனியாக எழுதி வைப்பார்களாம் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். உண்மையா? – வாசகர், மூதூர்

பொய். அரசாங்க ஆஸ்பத்திரி உங்களைத் திரும்ப எடுக்கும். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தாலும் எடுக்க வேண்டும்.

நடப்பது இதுதான். சுயநினைவோடு, விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிற வளர்ந்த ஒருவருக்குச் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது. டொக்டர் வந்து, போனால் என்ன ஆகலாம் என்று சொல்ல வேண்டும். உங்கள் ரிக்கற்றில், அதுதான் கட்டில்தலையில் தொங்கும் அந்தக் கோப்பில், "வைத்திய ஆலோசனைக்கு மாறாகச் செல்கிறார்" என்று எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அது உங்களுக்குச் சொல்லப்பட்டது என்பதற்கான பதிவு. அதைக் காட்டி உங்களுக்கு மருந்தை மறுக்கவும் முடியாது, அதற்கு முன் வார்டில் நடந்த பிழைகள் அழிந்துபோகவும் மாட்டா.

போகும்போது கேட்டு வாங்க வேண்டியவை: என்ன நோய் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட், வீட்டில் குடிக்க மருந்து, கிளினிக் திகதி. "கையெழுத்து வைத்தவருக்கு ஒன்றும் தர மாட்டோம்" என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் ஒருமுறை டொக்டரிடம் நேரே கேளுங்கள். அநேகமாகக் கிடைக்கும். அடுத்த இடத்தில் உங்களைப் பார்க்கிறவருக்கு அந்தக் கார்ட் இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிவிட்ட நிலைதான்.

விதிவிலக்கும் உண்டு. நினைவு தடுமாறியவர் வைத்த கையெழுத்து செல்லாது. பரவும் நோய் என்றால் 1897ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிற தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது, கொரோனாக் காலத்தில் எல்லாரும் அதைப் பார்த்தோம். பிள்ளைகளின் விஷயம் வேறு, கீழே வருகிறது.

மூதூர் என்றதும் பழைய ஞாபகம் வருகிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன் மூதூர்க்காரர் நம்மிடம் வருவது லோஞ்சுப் படகில். பின்னேரமானால் வார்டில் பாதிப் பேரின் கண் மணிக்கூட்டில் இருக்கும். நோயாளி போக நினைக்காவிட்டாலும், துணைக்கு வந்தவர் கடைசி லோஞ்சுக்குப் போக வேண்டும், அவர் போனால் தனியே என்ன செய்வது என்று இவரும் கிளம்புவார். அதற்கு மருந்தும் ஊசியும் என்ன செய்யும்? இரவு துணைக்கு நிற்க ஒருவரை விட்டாலே பிரச்சினை முடிந்துவிடும். இப்போது பாலமும் ரோட்டும் வந்துவிட்டன, ஆனாலும் "நிற்க ஆளில்லை" என்பது இன்னும் பெரிய காரணம்தான். அதை வாய் திறந்து சொல்லுங்கள்.

கேள்வி: பேரப்பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் என்று சொல்லி நீல லைட்டுக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணையும் கட்டியிருக்கிறார்கள், பார்க்க நெஞ்சு பதறுகிறது. எங்கள் காலத்தில் காலை வெயிலில் காட்டினோம், போய்விட்டது. மகளைக் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வரலாமா? – அம்மம்மா, உப்புவெளி

வேண்டாம் அம்மா. உங்கள் காலத்துக் குழந்தைகளில் அநேகம் பேருக்கு மஞ்சள் தானாகவே போயிருக்கும், வெயில் பெயர் வாங்கிக்கொண்டது. போகாதவர்களில் சிலர் காது கேளாமல், கை கால் வளைந்து வளர்ந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மஞ்சள் அளவு மிகக் கூடினால் அது மூளைக்குள் போய்ப் படியும், பிறகு எடுக்க முடியாது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் அது உச்சத்துக்கு ஏறும் நேரம்.

அந்த நீல வெளிச்சம் சுடுவதில்லை. தோலில் இருக்கும் மஞ்சளை மாற்றி மலத்தோடும் சிறுநீரோடும் வெளியே விடும். கண்ணைக் கட்டுவது வெளிச்சம் கூசாமல் இருக்க. மகளை அடிக்கடி பால் கொடுக்கச் சொல்லுங்கள், பால் போகப் போக மஞ்சள் இறங்கும். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வீட்டில் இருக்கிற மூத்த பிள்ளையை வைத்துப் பார்ப்பது. தாய்மார் ஓடி வருவது பெரும்பாலும் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான்.

குழந்தைக்காகத் தாய் தகப்பன் கையெழுத்து வைக்கலாம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் நினைத்தால், பொலிசுக்கும் சிறுவர் பாதுகாப்பு ஆட்களுக்கும் அறிவித்துக் குழந்தையை நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். அதுவரை போக விடாதீர்கள்.

கேள்வி: வயல் காவலுக்கு வாடியில் படுத்திருந்தபோது விடியப்புறம் ஏதோ கடித்தது. காலில் சின்ன அடையாளம், வீக்கம் இல்லை, நோவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி ஒன்றும் போடாமல் சும்மா படுக்க வைத்திருந்தார்கள். மத்தியானம் நான் சொல்லாமல் வந்துவிட்டேன். ஊசி போடாவிட்டால் வார்டில் எதற்கு? – விவசாயி, தம்பலகாமம்

சும்மா படுக்க வைக்கவில்லை தம்பி, பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் படுத்திருப்பவரை இரவில் கடிப்பதில் கட்டுவிரியன் பேர்போனது. அது கடித்த இடத்தில் வீங்காது, நோகாது, சில நேரம் அடையாளமே தெரியாது. சில மணித்தியாலம் கழித்து வயிறு நோகும், கண் இமை தானாக இறங்கும், விழுங்க முடியாமல் போகும், பிறகு மூச்சு. புடையன் வகை என்றால் இரத்தம் உறையாமல் போகும். அதற்குத்தான் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சரித்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் நல்லது. ஒருமுறை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

விஷமுறிவு மருந்தைச் சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்று போட முடியாது. அது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. ஒவ்வாமை வந்து ஆளே விழக்கூடும். விஷம் ஏறிய அடையாளம் கண்டால்தான் போடுவார்கள். அதைக் காணத்தான் ஒரு நாள் முழுக்க வைத்திருப்பது. நீங்கள் தப்பியது சந்தோஷம். அடுத்த போகத்துக்குக் காவலுக்குப் போகும்போது ஒரு கட்டிலும் நுளம்பு வலையும் கொண்டுபோங்கள், வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா வலை இழுக்கும்போது கையில் பெரிய வெட்டு, வார்டில் போட்டிருந்தார்கள். இரண்டாம் இரவு வியர்த்து நடுங்கி, சுவரில் பூச்சி ஊருகிறது என்று கத்தி, விடியமுதல் ஓடிவிட்டார். கையில் அந்த ஊசிக்குழாயோடு ஒரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். குடிப்பார்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லவில்லை. மானம் போய்விடும் என்று மறைத்தோம். – பெயர் வேண்டாம், நிலாவெளி

நீங்கள் மட்டுமல்ல தங்கச்சி. "குடிக்கிறவரா?" என்று கேட்டால், "எப்பவாவது சிஸ்டர், கலியாண வீட்டில்" என்பதுதான் எல்லா வீட்டுப் பதிலும். பக்கத்தில் நிற்கிற தாய் நிலத்தைப் பார்ப்பார்.

நாள்தோறும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் காண்பார்கள், ஓடுவார்கள். அது குணக்கேடு அல்ல, பேயும் அல்ல. உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய்நிலை. அதற்கு மருந்து இருக்கிறது. தூக்கத்தையும் நடுக்கத்தையும் சமாளிக்கும் மாத்திரையும், விற்றமின் பி1 ஊசியும். முன்கூட்டியே தெரிந்தால் நடுக்கம் தொடங்க முன்னரே கொடுப்பார்கள், அவர் ஓட நினைக்கவே மாட்டார். வெட்டுப்பட்ட கைக்கு மருந்து கட்டினோம், குடியை ஒருவரும் சொல்லவில்லை, ஆள் ஓடிவிட்டார். நான் பார்த்த ஓட்டங்களில் பெரும்பகுதி இதுதான். எந்த வார்டில் சேர்ந்தாலும், எதற்காகச் சேர்ந்தாலும், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மிஸியின் காதில் இரகசியமாகவாவது சொல்லிவிடுங்கள்.

இனி அந்த ஊசிக்குழாய். ரோஸ் மூடியோ பச்சை மூடியோ, அதன் நுனி இரத்தக் குழாய்க்குள் இருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் இருந்தால் அந்த வழியே கிருமி இறங்கும். தானாக இழுத்துப் பிடுங்க வேண்டாம். எந்த அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவிலும் எடுத்துவிடுவார்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே கழன்றுவிட்டதென்றால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். அண்ணா சொல்லாமல் போனதால் வார்டில் "காணவில்லை" என்று எழுதி ஆஸ்பத்திரிப் பொலிசுக்கும் சொல்லியிருப்பார்கள். வந்துவிட்டார் என்று ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள், அவர்களும் நிம்மதியாக இருக்கட்டும். கையைக் காட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போனால் குடி விஷயத்தையும் அன்றைக்கே கேளுங்கள், மனநலப் பிரிவில் இதற்கு உதவி இருக்கிறது.

கேள்வி: ஒருவன் அடித்துக் காயம், வார்டில் சேர்ந்து அடுத்த நாளே வந்துவிட்டேன். வழக்குக்குப் பாதிப்பா? – வாசகர், திருகோணமலை நகரம்

சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பார்த்தாரா? பார்த்திருந்தால் பெரிய பாதிப்பில்லை. பார்க்காமல் வந்திருந்தால் காயம் ஆறுவதற்குள் பொலிசிடம் படிவம் வாங்கிக்கொண்டு திரும்பப் போய்க் காட்டுங்கள். ஆறிய காயத்துக்கு அவர் என்னத்தை எழுதுவார்?

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் பில் ஏறுகிறது. கையெழுத்து வைத்துவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாறலாமா? – வாசகி, குச்சவெளி

மாறலாம். "காசில்லை" என்று நேரே சொல்லி மாற்றல் கடிதம் கேளுங்கள், கையெழுத்துச் சண்டையே தேவைப்படாது. எந்த மருந்து, கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று கடிதத்தில் இருக்க வேண்டும். ஒக்சிஜனில் இருக்கிறவரை மட்டும் ஓட்டோவில் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: நான் தாதியாக வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். நோயாளி போகப்போகிறேன் என்று எழுந்து நின்றால் எனக்குப் படபடக்கிறது. டொக்டர் கோபத்தில் "கையெழுத்து வாங்கு" என்கிறார். நான் என்ன செய்வது? – வாசகி, கந்தளாய்

தாளை எடுக்க முதல் கதிரையை எடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "வீட்டில் என்ன?" என்று கேளுங்கள். "ஏன் போகிறீர்கள்?" என்றால் சண்டைக்கு வருவார்கள். வீட்டில் என்ன என்றால் சொல்வார்கள். மாடு கட்டவில்லை, பிள்ளைக்குச் சோதனை, நாட்கூலி போகிறது, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இறந்தது பயம், கழிவறை சரியில்லை, பிளேன்ரீ கிடைக்கவில்லை. இதில் சிலதை நீங்களே தீர்க்கலாம், சிலதுக்கு டொக்டர் ஒரு நாளில் துண்டு வெட்டித் தருவார்.

நம் மாவட்டத்தில் இன்னொரு கோளாறு இருக்கிறது. காலை ரவுண்டில் டொக்டர் சிங்களத்தில் விளக்குவார், நம்மவர் விளங்காமலே தலையாட்டுவார். அவர் போன பிறகு "ஒன்றும் சொல்லவில்லை, சும்மா வைத்திருக்கிறார்கள்" என்று துணி மடிப்பார். மறுபக்கமும் அப்படித்தான், தமிழ் மட்டும் தெரிந்த டொக்டர் முன்னால் சிங்களம் பேசும் சேருவிலக்காரர் தலையாட்டுவார். நீங்கள் இரண்டும் தெரிந்தவராக இருந்தால் ரவுண்ட் முடிந்ததும் திரும்பிப் போய், "டொக்டர் என்ன சொன்னார், சொல்லுங்கோ பார்ப்போம்" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

"போனால் செத்துப்போவீர்" என்று மட்டும் வெருட்டாதீர்கள். போய்ச் சாகாமல் இருந்தால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். கேட்டும் போகிறார் என்றால் சேலைனைக் கழற்றுங்கள், குழாயை எடுங்கள், மருந்தைக் கையில் கொடுங்கள், என்ன கண்டால் திரும்பி வர வேண்டும் என்று சொல்லுங்கள், சொன்னதை ரிக்கற்றில் எழுதுங்கள். டொக்டரின் கோபம் ரவுண்ட் முடிய ஆறிவிடும்.

கேள்வி: அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை துண்டு வெட்டுகிறார்களாம். செவ்வாயில் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று மாமி சொல்கிறா. திங்கட்கிழமையே கையெழுத்து வைத்துக் கூட்டி வரவா? – வாசகி, சாம்பல்தீவு

நல்லாயிருக்கு! செவ்வாய்க் காலை டொக்டர் கடைசியாகப் பார்க்க வேண்டிய இரத்த அறிக்கையை விட்டுவிட்டா வருவீர்கள்? செவ்வாயில் ராகுகாலம் 3 மணிக்குத் தொடங்கி 4.30க்கு முடியும். துண்டு வெட்டி, கார்ட் எழுதி, மருந்து எடுக்க வரிசையில் நின்று, ஓட்டோ பிடித்து நீங்கள் வெளியே வரும்போது எப்படியும் ஐந்து மணியாகிவிடும் என்று மாமியிடம் சொல்லுங்கள்.